மெருகும் சான்றும்: பழைய கார் எஞ்சின்களின் மேற்பூச்சு குறித்துச் சில சொற்கள்

பழைய கார்களின் அணிவகுப்புகளில் பானெட்டைத் திறந்து வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. உள்ளே முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேறிய எஞ்சினைக் கண்டு வியந்து படமெடுத்துச் செல்வோர் பலர்; அந்த மினுமினுப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கேட்போர் மிகச் சிலர். வரலாறு பயிலும் மாணவர்கள் அந்தச் சிலருள் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். கல்வெட்டின் எழுத்தமைதி எவ்வாறு காலத்தைக் காட்டுகிறதோ, அவ்வாறே எஞ்சின் பாகத்தின் மேற்பரப்பும் காலத்தைக் காட்டும். படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

முதலில் நிக்கலையும் குரோமியத்தையும் எடுத்துக்கொள்வோம். 1920களின் நடுப்பகுதி வரை கார்களின் பளபளக்கும் பாகங்கள் பெரும்பாலும் பித்தளையாக இருந்தன, அல்லது நிக்கல் முலாம் பெற்றிருந்தன. 1924 அளவில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க்கும் சார்லஸ் எல்ட்ரிட்ஜும் குரோமிய முலாமைத் தொழிற்சாலைக்கு ஏற்ற முறையாக்கினர். அப்பத்தாண்டு முடிவதற்குள் கார்த் தொழிலின் பெரும்பகுதி அதற்கு மாறிவிட்டது. நிக்கலின் ஒளி இளமஞ்சள் சாயல் கொண்டது. நாளடைவில் மங்கும், துடைத்துப் பேண வேண்டும். குரோமியத்தின் ஒளி நீலச் சாயலுடையது, எளிதில் மங்காது. ஆயினும் குரோமியப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிப்புடையது. நாம் அதன் பளபளப்பு என்று காண்பதில் பெரும்பங்கு அதன் அடியிலுள்ள நிக்கலுக்கே உரியது. ஆகவே 1915ஆம் ஆண்டுக் கார் ஒன்றின் எஞ்சினில் நீலச் சாயல் தெரிந்தால், அங்கே நாம் காண்பது பிற்காலக் கைவேலை. புதிய நிக்கல் முலாமும் இதற்கு முழுத் தீர்வாகாது. முலாம் தொட்டியிலிருந்தே பளபளப்பாக வெளிவரும் நிக்கல் 1930களில்தான் பரவியது. அதற்கு முந்தைய நிக்கல் மங்கலாகவே வெளிவரும். பஃப் சக்கரத்தில் தேய்த்து ஒளியேற்றியவர்கள் தொழிலாளர்கள். அந்தக் கைத்தேய்ப்பின் மென்மையான ஒளி வேறு, இரசாயனக் கலவை தரும் கண்ணாடி ஒளி வேறு.

எஞ்சினே பார்வைக்குரிய பொருளாக மாறிய வரலாறு இன்னும் சுவையானது. ஆல்சாஸ் பகுதியின் மோல்ஸைம் ஊரில் கார் செய்த எட்டோர் புகாட்டி, அறைகலன் வடிவமைப்பாளரின் மகன், சிற்பியின் உடன்பிறப்பு. அவருடைய எஞ்சின்கள் கூர்விளிம்புப் பெட்டிகள் போலிருக்கும். இணைப்புப் பரப்புகளைக் கையால் சுரண்டிச் சமன் செய்ததால் இடையில் கேஸ்கட் வைக்கவும் தேவையிருக்கவில்லை என்பர். இங்கே அழகு என்பது துல்லியத்தின் உடன்விளைவு. மாறாக, கருவிப் பலகைகளில் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்ட சிறுவட்டக் கோலம் கடிகாரத் தொழிலின் மரபைச் சேர்ந்தது. 1927இல் அட்லாண்டிக்கைக் கடந்த லிண்ட்பெர்க்கின் விமானத்து மூக்குத் தகடுகளிலும் அதே கோலத்தைக் காணலாம். இன்று அக்கோலத்தை எந்தக் காரிலும் பதித்துவிடுகிறார்கள்; எனக்கு இது சோழர் தூணில் நாயக்கர் போதிகையை ஒட்டவைத்தது போலத் தோன்றும்.

1930 ஜனவரியில் நியூயார்க்கில் அறிமுகமான காடிலாக் வி-16 அடுத்த கட்டம். 452 கன அங்குலக் கொள்ளளவு கொண்ட அந்தப் பதினாறு சிலிண்டர் எஞ்சினின் தோற்றம், பொறியாளரின் மேசையோடு நின்றுவிடாமல் வடிவமைப்பாளரின் கண்ணுக்கும் உட்பட்டது. மின்கம்பிகளும் குழாய்களும் மறைக்கப்பட்டன. கறுப்பு எனாமல் மீது மெருகேற்றிய அலுமினிய வரிகள் ஓடின. பங்குச் சந்தை வீழ்ந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. 1940 வரையிலான காலத்தில் சுமார் 4,000 வண்டிகளே உருவாயின.

நிறம் தகவலாகவும் இயங்கியது. இதற்கு ஜாகுவாரே தக்க சான்று. போர்க்காலத்தில் கவன்ட்ரி நகரத் தொழிற்சாலையில் தீக்காவல் இரவுகளில் வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியாளர்களும் திட்டமிட்ட எக்ஸ்கே எஞ்சின், 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிப்பட்டது. அது பார்வைக்கும் அழகாயிருக்க வேண்டும் என்பது லயன்ஸின் கட்டளை; மெருகேறிய அலுமினியக் கேம் உறைகள் அதன் விளைவே. பின்னர் சிலிண்டர் ஹெட்டின் வகையைக் கண்டவுடன் அறிய வண்ணங்கள் வந்தன: சி வகைக்குச் சிவப்பு, பி வகைக்கு இளநீலம், நேர்வழித் துளை கொண்டதற்குப் பொன்னிறம். இன்று சாதாரண ஹெட்டுக்குச் சிவப்புப் பூசுபவர் தம் இரசனையை மட்டும் வெளிப்படுத்துவதில்லை; அந்த எஞ்சினின் பிறப்பைப் பற்றிப் பொய்யுரைக்கிறார். விற்பனைச் சந்தையில் அப்பொய்க்கு விலையும் உண்டு. ஃபெராரியின் டெஸ்டா ரோஸா, அதாவது 'சிவந்த தலை', தன் பெயரையே கேம் உறைகளின் சிவப்பிலிருந்து பெற்றது என்பதையும் நினைவில் கொள்க.

சுருக்கப் பூச்சுக்கும் ஒரு காரணம் உண்டு. மேற்பரப்பு முதலில் காய்ந்து, அடியிலுள்ள எண்ணெய்ப் படலம் பின்னர் காய்வதால் அது சுருங்கும். மணல் அச்சு வார்ப்பின் சொரசொரப்பை இச்சுருக்கம் மறைத்துவிடும். அரத்துக்கும் பஃப் சக்கரத்துக்கும் ஆகும் கூலி மிச்சம்.

என் மனக்குறை இதுதான். மணல் வீச்சும் பஃப் சக்கரமும் மிகைமெருகில் அழிப்பவை: வார்ப்பெண்கள், அச்சின் பொருத்துக்கோடு, அரம் ஓடிய தடம், ஆய்வாளர் குத்திய முத்திரை. மணல் வீச்சால் கோயிற்சுவர்க் கல்வெட்டுகள் தேய்ந்ததை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பெயர்த்தகட்டின் அடியிலும் கேஸ்கட் விளிம்பிலும் பெரும்பாலும் முதற்பூச்சின் துணுக்கு தங்கியிருக்கும். வேலை தொடங்குமுன் அதைத் தேடிப் படமெடுத்துப் பதிவு செய்யும் பட்டறைகள் உண்டு. அவற்றை ஆவணக்காப்பகங்களாகவே மதிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குரோமியத் தொட்டியருகே நின்றவர்களின் மூக்கின் நடுச்சுவர் புண்ணாகித் துளைபட்டது என்பது 1920களின் இறுதியிலேயே அமெரிக்க மருத்துவ ஆய்வில் பதிவாகிவிட்டது. குரோமியம் டிரையாக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாத பொருளாக்கியது 2017இல்தான். மாற்றாக வந்துள்ள மூவிணைதிறன் குரோமியம் சற்றே கருத்த ஒளி தருகிறது. 1935ஆம் ஆண்டு உறையருகே வைத்தால் பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரியும். மீட்டமைப்பாளர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எதிர்கால ஆய்வாளருக்கோ அது காலத்தைக் கணிக்க உதவும் தெளிவான அடையாளம்.