பள்ளம் வெட்டியவரின் மண்: 1810ஆம் ஆண்டுத் தீர்ப்பும் தோட்டவேலி வழக்குகளும்

இங்கிலாந்தில் இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் மரவேலி யாருடையது என்று தகராறு வந்தால், இரு தரப்பும் வேலியையே சாட்சிக்கு அழைக்கின்றன. கம்பங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றனவோ அந்தப் பக்கத்தாருக்கே வேலி சொந்தம் என்பார் ஒருவர். தெருவிலிருந்து பார்த்தால் இடப்பக்க வேலி அவரவருடையது என்பார் மற்றவர். ஆணி எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டது என்று பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. இவற்றில் எதையும் சட்டம் பொதுவிதியாக ஏற்பதில்லை. ஆனால் அதே நாட்டில், பள்ளமும் செடிவேலியும் சேர்ந்த வயல் எல்லை ஒன்றில் தகராறு எழுந்தால், தரையில் தெரியும் தடயத்தைக் கொண்டே எல்லையை ஊகிக்க நீதிமன்றங்கள் 200 ஆண்டுகளுக்கு மேலாக இணங்கி வருகின்றன. வயலில் செல்லுபடியாகும் தடயம் தோட்டத்தில் ஏன் செல்லாமல் போகிறது?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. வௌல்ஸ் எதிர் மில்லர் என்ற 1810ஆம் ஆண்டு வழக்கில் நீதிபதி லாரன்ஸ் ஓர் உரிமை விதியை வகுத்தார். செடிவேலியும் பள்ளமும் பக்கம் பக்கமாக இருந்தால், பள்ளத்தின் வெளிவிளிம்புவரை வேலிக்காரருக்குச் சொந்தம். இது உழவர் உலகின் விதி, தற்செயலாகப் பிறந்தது, நகர்ப்புறத் தோட்டத்துக்கு நீட்டப்படாமல் நின்றுபோனது என்பதே அந்த விடை. அந்தத் தீர்ப்பு உரிமை விதி எதையும் வகுக்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். அது வகுத்தது உழைப்பின் தடயத்திலிருந்து எல்லையை ஊகிக்கும் ஒரு முறையை. அப்படிப் படித்தால், தோட்டவேலிக்கு அந்த ஊகம் பொருந்தாததன் காரணமும் அதே தீர்ப்பிலேயே கிடைக்கிறது.

லாரன்ஸ் சொன்னது டான்டன் தொகுத்த தீர்ப்பறிக்கைகளின் மூன்றாம் தொகுதியில் ஒரே பத்தியாக இருக்கிறது. அதன் சாரம் ஆறு கூறுகளில் அடங்கும். பள்ளம் வெட்டுகிறவர் பக்கத்து நிலத்துக்குள் வெட்டக் கூடாது. வழக்கமாக அவர் தன் நிலத்தின் கடைசி விளிம்புவரை வெட்டுவார். தோண்டிய மண்ணைத் தன் நிலத்தின்மீதே போடக் கடமைப்பட்டவர். விரும்பினால் அந்தக் கரைமேல் செடிவேலி நடுவார். பின்னொரு நாள் அந்த விளிம்பைத் தாண்டி வெட்டினால் அவர் அத்துமீறியவர் ஆவார். நாலடி, எட்டடி என்ற கணக்குக்கு இதில் வேலையே இல்லை. தன் நிலத்தை நோக்கி எவ்வளவு வேண்டுமானாலும் பள்ளத்தை அகலமாக்கிக்கொள்ளலாம்.

இந்த ஆறும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பது பெரும்பாலும் கவனிக்கப்படவில்லை. முதலாவதும் மூன்றாவதும் கட்டாயங்கள்: பக்கத்து மண்ணைத் தொடாதே, உன் மண்ணை அங்கே கொட்டாதே. இரண்டாவது வெறும் பழக்கம். நான்காவது முழுக்க விருப்பம். இந்த ஊகத்துக்குச் சட்ட நூல்கள் தந்த ‘செடிவேலி-பள்ள ஊகம்’ என்ற பெயரில் செடிவேலிதான் முதலில் நிற்கிறது. லாரன்ஸின் பேச்சிலோ அது நட்டாலும் நடாவிட்டாலும் சரி என்ற இடத்தில் இருக்கிறது. ஊகத்தைத் தாங்குவது வெட்டிய பள்ளமும் ஒரு பக்கமாகக் குவிந்த மண்ணும். செடி பட்டுப்போனாலும் கரை பேசும். கரை இல்லாமல் செடி மட்டும் இருந்தால் அது யார் பக்கமும் பேசாது.

ஐந்தாம் கூறு இன்னும் முக்கியமானது. அங்கே பள்ளம் வெட்டியவர் உரிமை கோருகிறவராக வரவில்லை. எல்லை மீறக்கூடியவராக வருகிறார். விளிம்போடு நின்றுகொள், அதற்கு அப்பால் போனால் குற்றம் என்று அவரை நிறுத்திவைப்பதே அந்தப் பேச்சின் போக்கு. அவருக்கு விதித்த அணையைப் பிற்காலம் அவருடைய பட்டாவாக மாற்றிவிட்டது. இரண்டும் ஒரே கோட்டில்தான் முடிகின்றன என்பதால் இந்த மாற்றம் கண்ணில் படவில்லை.

ஆறாம் கூறோ ஒரு விதியை மறுக்கவே பேசப்பட்டது. வேலியடியிலிருந்து இத்தனை அடி என்று அளந்து உரிமை தீர்மானிக்கும் கணக்கு ஒன்று அந்த வழக்கில் முன்வைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலடியும் எட்டடியும் அங்கே வரக் காரணமில்லை. லாரன்ஸ் அளவுகோலைக் கீழே போட்டுவிட்டு, மண் எங்கே போயிற்று என்று கேட்டார். பள்ளத்தின் அகலத்தை வெட்டியவர் தன் பக்கமாகக் கூட்டியிருக்கலாம் என்பதால் அகலம் எதையும் நிறுவாது. வெளிவிளிம்பு ஒன்றே நகராதது.

இது ஓர் அறிக்கையாளர் எடுத்த குறிப்பு, நீதிபதி எழுதித் தந்த உரை அல்ல என்பதை மறக்கலாகாது. ‘வழக்கமாக’ என்ற ஒரு சொல்லின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவது ஆபத்து. ஆனால் இங்கே ஏற்றப்பட்டிருப்பது ஒரு சொல்லின்மேல் அல்ல, பேச்சின் கட்டமைப்பின்மேல். கட்டாயம், பழக்கம், விருப்பம் என்ற வேறுபாடு எந்தக் குறிப்பெடுப்பிலும் தற்செயலாக அமையக்கூடியது அல்ல.

இந்தப் படிப்புக்கு வலுவான சோதனை, பிரபுக்கள் அவை 1999இல் தீர்த்த ஆலன் விபர்லி பில்டிங் எதிர் இன்ஸ்லி வழக்கு. அதில் ஹாஃப்மன் பிரபு, இந்த ஊகம் உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு ஊகங்கள் என்று பிரித்துக் காட்டினார். எல்லை ஏற்பட்ட பிறகே பள்ளம் வெட்டப்பட்டது என்பது முதல் ஊகம். லாரன்ஸ் விவரித்த முறையிலேயே அது வெட்டப்பட்டது என்பது இரண்டாவது. எல்லையை நிறுவ எல்லையையே முன்கூட்டி எடுத்துக்கொள்கிறது இந்த வாதம் என்ற பழைய குற்றச்சாட்டு இதோடு விழுந்தது. எல்லை எங்கே இருந்தது என்பதை இங்கே யாரும் முன்கூட்டி எடுத்துக்கொள்ளவில்லை. அது பள்ளத்துக்கு முந்தியது என்று மட்டுமே கொள்கிறார்கள்.

ஆனால் அந்த இரண்டும் சம வலிமை உள்ளவை என்று எண்ணுவது தவறு. இரண்டாவது, மனிதர் மண்வெட்டி பிடிக்கும் விதத்தைச் சார்ந்தது. எந்த ஊருக்கும் பொருந்தும். முதலாவது வரலாற்றைச் சார்ந்தது, அந்த வரலாறு இடத்துக்கு இடம் மாறும். 1604க்கும் 1914க்கும் இடையே பொதுநிலங்களையும் திறந்த வயல்களையும் வளைத்துத் தனிநிலமாக்க 5,200க்கும் மேற்பட்ட மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அவை தொட்ட பரப்பு ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். அந்த ஊர்களில் ஆணையர்கள் வரைபடத்தில் கோடு போட்டார்கள். நிலம் பெற்றவர்கள் பிறகு வேலி அடைத்தார்கள். கோடு முந்தியது, பள்ளம் பிந்தியது. லாரன்ஸ் பேசிய 1810, இந்த வேலையின் உச்சக் காலத்துக்குள் வருகிறது. அவர் சொன்னது அருவமான நியாயம் அல்ல, நாடு முழுக்கக் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த உழைப்பின் வருணனை. டெவன் போன்ற, மிகப் பழங்காலத்திலேயே வளைக்கப்பட்ட பகுதிகளில் அதே ஊகம் சற்றுத் தளர்ந்தே நிற்க வேண்டும்.

முதல் ஊகம் எங்கே முறிகிறது என்பதற்கு 1939இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஃபிஷர் எதிர் வின்ச் வழக்கு சான்று. அங்கே இரு நிலங்களும் ஒரே உரிமையாளரிடமிருந்து வந்தவை. அவர் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை அமைப்பின் வரைபட எண்களைச் சொல்லிப் பிரித்து விற்றிருந்தார். அந்த வரைபடங்கள் செடிவேலியின் நடுவில் கோடிழுப்பவை. எனவே எல்லை நடுவிலேயே விழுந்தது, பள்ளத்தின் விளிம்புக்குப் போகவில்லை. விபர்லியிலும் கிரயப் பத்திரம் அதே வரைபடத்தைக் காட்டியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபிஷர் வழியே போயிற்று. பிரபுக்கள் அவை அதை மாற்றியது. அந்தப் பத்திரம் எழுதப்பட்டபோது எல்லை ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. விற்றவர் தன்னிடம் இல்லாததை வரைபடத்தின் பலத்தால் விற்க முடியாது.

இரு தீர்ப்புகளும் ஒன்றோடொன்று மோதுவதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அவை கேட்பது ஒரே கேள்வியைத்தான்: கோடு பிறந்தபோது இரு பக்கமும் ஒருவர் கையில் இருந்தனவா? இருந்திருந்தால் பள்ளம் வெட்டியவருக்குப் பயப்படப் பக்கத்து நிலம் இல்லை. மண்ணை எந்தப் பக்கமும் கொட்டியிருப்பார். லாரன்ஸின் இரண்டு கட்டாயங்களும் அவருக்குப் பொருந்தா. தடயம் இருக்கும், ஆனால் அது எதையும் சொல்லாது.

தோட்டவேலியின் நிலை இதுதான். 20ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட குடியிருப்புகள் பலவற்றில், பெரிய வயல் ஒன்றை வாங்கிய கட்டுநர் அதை மனைகளாகப் பிரித்து, வீடும் வேலியும் போட்டு, பிறகே ஒவ்வொன்றாக விற்றார். வேலி நட்டபோது இரு பக்கமும் அவருடையவை. கம்பம் இந்தப் பக்கம் நின்றது மேட்டினாலோ வேலையாளின் வசதியினாலோ இருக்கலாம். ‘கம்பம் இருக்கும் பக்கம்’ என்ற மக்கள் நம்பிக்கை அறியாமையில் முளைத்தது அல்ல. தன் நிலத்தில் நின்று வேலை செய்கிறவன் விட்டுச்செல்லும் அடையாளத்தைத் தேடுகிற அதே லாரன்ஸின் நியாயம் அது. அதைத் தாங்கும் முதல் ஊகம் மட்டும் அங்கே இல்லை.

இரண்டாவது ஊகமும் அங்கே தேய்கிறது. மண்கரை நூறாண்டு கிடக்கும். மரப்பலகை சில பத்தாண்டுகளில் இற்றுப்போகும். புதிது போடுகிறவர் பழைய குழியிலேயே கம்பம் நடலாம், ஒரு சாண் தள்ளியும் நடலாம். இப்போது விற்கும் பலகைகள் பலவற்றுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற வேறுபாடே கிடையாது. தமிழ்நாட்டு நெல்வயலில் வரப்பை இரு பக்கத்தாரும் பருவந்தோறும் அண்டை வெட்டுவதால், இன்று காணும் வரப்பின் வடிவம் முதலில் அதைப் போட்டவரைக் காட்டாது. தோட்டவேலியும் அப்படியே.

துல்லியமான வரைபடங்கள் வந்துவிட்ட காலத்தில் தடயத்தைப் பற்றிப் பேசுவானேன் என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆர்ட்னன்ஸ் சர்வே தனிச்சொத்துகளின் எல்லையைத் தொடாது என்று 1841ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. 1862ஆம் ஆண்டுச் சட்டம் துல்லிய எல்லையோடு நிலத்தைப் பதிய முயன்று தோற்றது. 1875இல், எல்லையை ஏறத்தாழ மட்டுமே காட்டும் பொது எல்லை முறை வந்தது, 2002ஆம் ஆண்டு நிலப்பதிவுச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் அது இன்றும் தொடர்கிறது. நகர்ப்புறப் பதிவு வரைபடத்தின் அளவு 1:1250. காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் தரையில் ஒன்றேகால் மீட்டர். வேலிச் சண்டையின் அகலமோ பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். சென்னை மாகாணம் 1923இல் எதிர்த்திசையில் போயிற்று என்பது உண்மை. அந்த ஆண்டு நில அளவை எல்லைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அளவையில் பதிந்த எல்லையை அறுதிச் சான்றாக்கியது. 14ஆம் பிரிவு அதை எதிர்த்து மூன்றாண்டுக்குள் உரிமையியல் வழக்குத் தொடர இடம் தந்தது. அங்கே கல் நட்டவர் அரசு அளவர். இங்கிலாந்தில் எல்லையை நட்டவர்கள் அக்கம்பக்கத்தார். அவர்களுடைய உழைப்பைப் படிப்பதைத் தவிர நீதிமன்றத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. இந்த ஊகம் பெருநிலக்காரருக்குச் சாதகமாகப் புனையப்பட்டது என்ற குற்றச்சாட்டும் நிற்காது. மண்ணைத் தன் பக்கம் போட வேண்டிய கடமை சின்னக் காணிக்காரருக்கும் பெருநிலக்காரருக்கும் ஒன்றே.

ஆகவே தோட்டவேலி வழக்கில் கேள்விகளின் வரிசை மாற வேண்டும். கம்பம் எந்தப் பக்கம் என்பதற்கு முன்னால், வேலி முதன்முதல் நட்ட நாளில் இரு மனைகளும் ஒருவரிடம் இருந்தனவா என்று கேட்க வேண்டும். இருந்தன என்றால் வேலியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முதல் கிரயப் பத்திரத்துக்குப் போக வேண்டும். அங்கே வரைபடத்தில் எல்லைக் கோட்டின் ஒரு பக்கம் ‘டி’ குறி இருக்கலாம். பத்திரத்தின் வாசகம் அதைச் சுட்டி, இன்னார் இந்த வேலியைப் பேண வேண்டும் என்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. வாசகம் வாய் திறக்காவிட்டால் குறிக்குத் தனியே சட்ட பலம் இல்லை. இல்லை, இரு பக்கமும் வெவ்வேறு கையில் இருந்தன, ஒருவரே வேலி போட்டார் என்று சான்றோடு நிறுவ முடிந்தால், அப்போது மட்டும் லாரன்ஸின் நியாயம் மரவேலிக்கும் ஓரளவு திரும்பி வருகிறது.

பத்திரமும் பேசாத இடங்கள் மிகுதி. வேலி அடைக்கும் பொதுக் கடமை எதுவும் அந்நாட்டுச் சட்டத்தில் இல்லை; பொதுச்சுவர் பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டம் மரவேலியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எஞ்சுவது உடன்பாடு. நீல்சன் எதிர் பூல் என்ற 1969ஆம் ஆண்டு வழக்கில் நீதிபதி மெகாரி, மங்கலான எல்லையை அக்கம்பக்கத்தார் தமக்குள் பேசித் தெளிவாக்கிக்கொள்வதை நிலக் கைமாற்றமாகக் கருதாமல், அமைதிக்கான செயலாகக் கண்டு, சட்டம் அதற்கு ஆதரவாக இருக்க வேண்டும் என்றார். அத்தகைய உடன்பாட்டை இப்போது நிலப்பதிவேட்டில் குறித்து வைக்க முடியும். அடுத்து அந்த வீட்டை வாங்குகிறவர், கம்பத்தையும் ஆணியையும் பார்த்து ஊகிக்காமல், அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துக்கொள்ளலாம்.