காவற்கூடம் கல்விக்கூடமான கதை

நோயாளரை ஒரு சமுதாயம் நடத்தும் முறையிலிருந்து அச்சமுதாயத்தின் இயல்பினை ஓரளவு அறிந்துகொள்ளலாம். நோயாளருள்ளும் மூளையும் மனமும் பாதிக்கப்பட்டோரின் நிலை தனியானது. காய்ச்சலிற் கிடப்பவனுக்கு இரக்கம் கிடைத்தது. சித்தம் கலங்கியவனுக்கு விலங்கு கிடைத்தது. வலிப்பு வந்து வீழ்ந்தவனின் கையில் இரும்புத் திறப்பைத் திணித்தோம். பாரிசவாதத்தால் வாய் கோணியவனைப் பேய் அறைந்ததென்றோம். அறியாமை மாத்திரம் இதற்குக் காரணமன்று. உழைக்க இயலாதவனை வேண்டாத சுமையாகக் கருதும் சமூக அமைப்பும் இதற்குக் காரணமாகும்.

இந்த நிலைமையை மாற்ற முனைந்த நிறுவனங்களுள் பெங்களூரிலுள்ள தேசிய உளநல, நரம்பியல் விஞ்ஞான நிறுவனம் முதன்மையானது. நிம்ஹான்ஸ் எனும் சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்நிறுவனம் வைத்தியசாலையாகவும் கல்லூரியாகவும் ஆய்வுகூடமாகவும் ஒருங்கே இயங்குகின்றது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழும் நமக்கு அதன் வரலாறு எதற்கு எனும் வினா எழலாம். அவ்வரலாற்றின் தொடக்கமும் நமது நாட்டின் வரலாற்றின் தொடக்கமும் ஒன்றே. பின்னர் இரண்டும் வெவ்வேறு வழியிற் சென்றன. ஏன் சென்றன என்பதை ஆராய்வது நமது கடமையாகின்றது.

1847ஆம் ஆண்டிற் பெங்களூரில் ஒரு பைத்தியசாலை நிறுவப்பட்டது. அதே ஆண்டிற்றான் கொழும்புப் பொறளையிலும் ஒன்று தோன்றியது. இவ்வொற்றுமையைத் தற்செயலானது என ஒதுக்கிவிடல் தகாது. படைமுகாம்களும் வணிகத் தெருக்களும் பெருகிய நகரங்களில் அலைந்து திரிவோரை அப்புறப்படுத்துவது பிரித்தானிய ஆட்சியின் தேவையாயிருந்தது. ஆகவே சட்டம் முன்னே வந்தது. மருத்துவம் பின்னே வந்தது. இந்தியாவில் 1858இலும் இலங்கையில் 1873இலும் இயற்றப்பட்ட சட்டங்களின்படி ஒருவன் சித்த சுவாதீனமற்றவனா என்பதைத் தீர்மானிப்பதில் நீதவானுக்கும் பொலிசாருக்குமே பெரும்பங்கு இருந்தது. மதிலும் பூட்டும் கண்காணிப்பும் அக்காலச் சிகிச்சையின் பெரும்பகுதியாயின. சிறைக்கூடத்தையே முன்மாதிரியாகக் கொண்ட இக்கட்டடங்களில் நோயாளி கைதியாகவே வாழ்ந்தான்.

பெங்களூரில் மாற்றம் மெல்லத் தொடங்கியது. 1925இல் மைசூர் அரசு பைத்தியசாலை என்ற பெயரை நீக்கி மனநோய் வைத்தியசாலை எனப் பெயரிட்டது. பெயர்மாற்றம் வெறும் சொல்மாற்றமாக முடிந்துவிடவில்லை. டாக்டர் பிராங்க் நொரோனாவின் முயற்சியால் நகரின் நெருக்கடிக்கு அப்பால், திறந்த வெளியும் தோட்டமும் சூழ்ந்த இடத்திற் புதிய கட்டடங்கள் எழுந்தன. 1930களின் நடுப்பகுதியில் வைத்தியசாலை அங்கு குடிபெயர்ந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற டாக்டர் எம். வி. கோவிந்தசாமி மேலைநாட்டுப் பயிற்சியுடன் திரும்பியவர். தத்துவத்திலும் உளவியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். மனநோய் வைத்தியசாலை என்பது கற்கவும் கற்பிக்கவும் உரிய இடம் என்ற கருத்து அவர் காலத்திலேயே வேரூன்றியது.

அக்காலத்து இந்தியாவின் நிலையைப் போர் குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்திற்று. இங்கிலாந்தில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை இருந்த காலத்தில், இந்தியாவில் ஏறக்குறைய 40,000 பேருக்கு ஒரு படுக்கையே இருந்தது. இருந்த வைத்தியசாலைகளிலும் பல, நோயாளரைத் தடுத்து வைப்பதற்கு உரியனவேயன்றிக் குணப்படுத்துவதற்கு உரியனவாக அமையவில்லை. ஒரே ஆட்சியின் கீழ் ஆண்ட நாட்டுக்கும் ஆளப்பட்ட நாட்டுக்கும் இடையே நிலவிய வேறுபாட்டினை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

படுக்கைகளைப் பெருக்குவதால் மட்டும் இக்குறை நீங்காது. பயிற்சி பெற்ற மனிதர் வேண்டும். சுதந்திரத்தின் பின் 1954இல் மைசூர் மனநோய் வைத்தியசாலையின் வளவிலேயே அகில இந்திய உளநல நிறுவனம் தொடங்கப்பட்டமைக்கு இத்தேவையே காரணமாயிற்று. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநரானார். உளமருத்துவர்க்கும் மருத்துவ உளவியலாளர்க்கும் மனநோய்த் தாதியர்க்கும் தனித்தனிப் பயிற்சிநெறிகள் தொடக்க ஆண்டுகளிலேயே வகுக்கப்பட்டன. மருத்துவரை மட்டுமன்றித் தாதியரையும் அறிவாளராக மதித்துக் கற்பிக்க முனைந்தமை இங்கு சிறப்பாக நோக்கற்பாலது.

இதே காலத்தில் தமிழகத்தில் மூளைச் சத்திரசிகிச்சை பிறந்தது. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும், 1950இல் சீர்காழியிற் பிறந்த டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னைப் பொது வைத்தியசாலையிலும் அப்பணியைத் தொடங்கினர். மறு ஆண்டிலேயே இந்திய நரம்பியற் கழகம் சென்னையில் உருவாயிற்று. சென்னையிற் பயின்ற டாக்டர் தி. சு. கனகா 1960களின் இறுதியில் நாட்டின் முதற் பெண் மூளைச் சத்திரசிகிச்சையாளராகத் தகைமை பெற்றார். மேலைநாட்டு நூல்கள் புற்றுக் கட்டிகளை விரித்துரைத்துக்கொண்டிருக்க, சென்னை மருத்துவர்கள் திறந்த மண்டையோடுகளுள் எத்தனையோ காசநோய்க் கட்டிகளைக் கண்டனர். காற்றோட்டமற்ற குடிசையும் அரைவயிற்றுக் கஞ்சியும் மூளைக்குள்ளேயே கட்டியாக வளர்ந்திருந்தன. வறுமையின் நோயை அறிய வறுமை நிலவும் நாட்டிலேயே ஆய்வு நடைபெற வேண்டும் என்ற உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

பெங்களூரின் வரலாற்றில் அடுத்த திருப்பம் 1974இல் நிகழ்ந்தது. மாநில அரசின் மனநோய் வைத்தியசாலையும் மத்திய அரசின் உளநல நிறுவனமும் அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் நாள் ஒன்றிணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரான டாக்டர் ஆர். எம். வர்மா முதல் இயக்குநராகப் பணியாற்றினார். இவ்விணைப்பை வெறும் நிர்வாக ஏற்பாடாக நாம் கருதல் கூடாது. மனம் வேறு, மூளை வேறு எனப் பிரித்துக் காணும் பழைய நோக்கு ஒரு பக்கம். மனிதனை மூளையாக மாத்திரம் சுருக்கிவிடும் குறுகிய நோக்கு மறுபக்கம். இவ்விரண்டையும் தவிர்த்து, நரம்பியலாளரும் சத்திரசிகிச்சையாளரும் உளமருத்துவரும் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் ஒரே நோயாளியை ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்து ஆராயும் முறை அங்கு நிலைபெற்றது. அந்நிறுவனம் 1994இற் பல்கலைக்கழகத் தகுதியையும் 2012இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமெனும் சட்டத் தகுதியையும் பெற்றது.

அதன் ஆய்வுகள் நோயாளியின் படுக்கையிலிருந்தும் குடிசையின் வாசலிலிருந்தும் எழுந்தவை. தென் கர்நாடகத்தில் தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கையில் வலிப்பு வரும் விந்தை நோய் அங்கு விரிவாக ஆராயப்பட்டது. நுளம்பாற் பரவும் மூளைக்காய்ச்சலும் விசர்நாய்க்கடி நோயும் அங்குள்ள நுண்ணுயிரியலாளரின் கவனத்தைப் பெற்றன. இறந்தோரின் மூளைகளை உறவினரின் இசைவுடன் பெற்று ஆய்வுக்காகப் பேணும் மூளைக் களஞ்சியம் 1995இல் அமைந்தது.

இவை அனைத்தினும் நம் கவனத்திற்குரியது 1990களில் டாக்டர் கௌரி தேவியும் அவர்தம் குழுவினரும் நடத்திய வீடு வீடான கணக்கெடுப்பாகும். பெங்களூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1,02,557 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். வலிப்பு நோய் நகரில் ஆயிரம் பேருக்கு 5.7ஆக இருக்க, கிராமத்தில் 11.9ஆகக் காணப்பட்டது, அதாவது இருமடங்கு. வைத்தியசாலைகளோ நகரத்தில் இருந்தன. 1912 முதலே வலிப்பைக் கட்டுப்படுத்தப் பயன்படும் பீனோபார்பிட்டல், மிக மலிவான மருந்து. அம்மருந்து இருந்தும் கிராமத்து நோயாளி பேயோட்டியிடம் செல்கின்றான் என்றால், அங்கே குறைவது விஞ்ஞானமன்று. விஞ்ஞானம் அவன் வாசலை அடையும் வழியே குறைகின்றது.

இவ்வழியை அமைக்கும் முயற்சியும் அந்நிறுவனத்திலேயே தொடங்கிற்று. 1970களின் நடுவில் பெங்களூருக்கு அருகே சகலவாரா எனும் கிராமத்தில் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்க்கும் கிராமச் சுகாதாரப் பணியாளர்க்கும் சில வாரங்களிற் பயிற்சியளித்தால் அவர்களே வலிப்பையும் கடுமையான மனநோயையும் இனங்கண்டு மருந்தளிக்க முடியும் என்பது அங்கு செயலிற் காட்டப்பட்டது. 1980களின் நடுவிற் பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் இம்முறை பரிசோதிக்கப்பட்டது. 1996இல் தொடங்கிய மாவட்ட உளநலத் திட்டத்துக்குப் பெல்லாரியே முன்மாதிரி. மைசூர்ச் சிற்றூரின் தாதி ஒருத்தி வலிப்பு நோயை அறிந்துகொண்ட நாளே அந்நிறுவனத்தின் உண்மையான பட்டமளிப்பு நாள் எனலாம்.

எனினும், ஒரு நிறுவனத்தைப் புகழ்ந்து ஓய்வது நமது நோக்கமன்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், நமக்கு எதிர்க்கரையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. அங்கு சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் இறந்தனர். தப்பியோடக் கால்கள் இருந்தும் சங்கிலி அவர்களை விடவில்லை. ஒரே தென்னாட்டில் உலகப் புகழ்பெற்ற ஆய்வுகூடமும் அச்சங்கிலியும் ஒருங்கே இருந்தன. நிம்ஹான்ஸ் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய உளநலக் கணக்கெடுப்பு, நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 வரையானோர் சிகிச்சையின்றி இருப்பதை வெளிப்படுத்தியது. தன் பணியின் போதாமையைத் தானே அளந்து உலகறியச் செய்த அந்நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் நிறுவனம் ஒன்று வளர்வதால் மாத்திரம் சமுதாய நீதி வந்துவிடாது என்பதனையும் அக்கணக்கு உணர்த்துகின்றது.

இனி நமது நாட்டை நோக்குவோம். பொறளையில் தொடங்கிய பைத்தியசாலையின் வழிவந்த அங்கொடை வைத்தியசாலை 1920களில் எழுந்தது. விரைவிலேயே நெருக்கடியில் மூழ்கியது. இலண்டனிலிருந்து வந்து பார்வையிட்ட பேராசிரியர் எட்வேட் மப்போதர் 1938ஆம் ஆண்டு அறிக்கையிற் சிகிச்சையை ஓரிடத்திற் குவியாது பரவலாக்கும்படி பரிந்துரைத்தார். 1956இல் டாக்டர் ஷெல்டன் கப்ரால் கொழும்பில் மூளைச் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். 2008இல் அங்கொடை வைத்தியசாலை தேசிய உளநல நிறுவகமாயிற்று. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் வழங்கிய இந்நாடு பல துறைகளில் அயல்நாட்டுக்கு வழிகாட்டியது. ஆயின் மூளை, மனம் சார்ந்த உயர்சிகிச்சை நெடுங்காலம் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு நகரவில்லை. மப்போதரின் பரிந்துரை கொள்கை வடிவில் முழுமை பெற 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கு முன் 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடல் வந்து நம் கரையை அழிக்க வேண்டியிருந்தது.

நமது மண்ணிலும் மக்கள் சார்ந்த நரம்பியல் ஆய்வு இல்லாமலில்லை. 1987இற் பேராதனையைச் சேர்ந்த நிமால் சேனநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றது. பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியை உட்கொண்டவர்கள் முதல் ஆபத்திலிருந்து தப்பியபின், ஓரிரு நாள் கழித்துக் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்ந்து மீண்டும் மரணத்தின் வாயிலை அடைவதை அவர்கள் கண்டறிந்தனர்; அதனை இடைநிலை நோய்த்தொகுதி என வகுத்தனர். மூச்சுக் கருவியின் துணையுடன் அந்நாட்களைக் கடத்தினால் உயிர் பிழைக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று. 1995இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்தனர். மிகக் கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. கடனாளியான வயற்காரன் சாவை நாடிய கணத்தில் அவன் கைக்கெட்டிய போத்தலில் இருந்த நஞ்சின் வலுவைக் குறைத்தே சட்டம் ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தது. மருத்துவமும் சட்டமும் ஒரே திசையில் இயங்கினால் எதனைச் சாதிக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

திருகோணமலையின் கதையோ துறைமுகத்தின் கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தின் ஆழத்தை அங்குலம் அங்குலமாக அளந்தது. மலைச்சரிவுகளில் எண்ணெய்க் குதங்களைக் கட்டியது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. வந்தோர் அனைவரும் நீரின் ஆழத்தை அறிந்தனர். கரையில் வாழ்ந்தோரின் துயரின் ஆழத்தை அளந்தவர் இலர். 2009இல் முடிவுற்ற போரின் மனவடுக்களை மூதூரிலும் கிண்ணியாவிலும் சம்பூரிலும் நகரிலும் மூவின மக்களும் சுமக்கின்றனர்.

மூளையின் நோய்க்குக் காலமே மருந்து. இரத்தக் குழாய் அடைபட்டு வரும் பாரிசவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்தினை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். கொட்டியாரக் குடாவைப் படகிற் கடந்து, ஓடத்துக்குக் காத்துநின்று நகருக்கு வந்த தலைமுறைக்கு இந்த நாலரை மணி நேரம் எட்டாக் கனியாயிருந்தது. 2009இற் கிண்ணியாப் பாலமும் தொடர்ந்து ஏனைய பாலங்களும் எழுந்தமையால் நகருக்கான வழி சுருங்கியது. நகரிலிருந்து கொழும்போ 250 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. தூரத்துடன் மொழியும் சேர்ந்துகொள்கின்றது. எலும்பு முறிந்தவன் பேசாமலிருந்தாலும் படம் பேசும். மனம் கலங்கியவனின் நோயை அவன் பேச்சிலிருந்தே அறிய வேண்டும். தன் மொழியிற் பேச இயலாத இடத்துக்கு அனுப்பப்படும் நோயாளி பாதி நோயை வீட்டிலேயே விட்டுச் செல்கின்றான்.

ஆகவே பெங்களூரைப் பார்த்து நாம் மாபெருங் கட்டடம் ஒன்றைக் கேட்கத் தேவையில்லை. பெல்லாரி நமக்குக் காட்டும் வழி எளியது. குடும்பநல உத்தியோகத்தர்க்கும் கிராமிய வைத்தியசாலை மருத்துவர்க்கும் அவரவர் மொழியிற் பயிற்சி வேண்டும். வலிப்பு மருந்தும் மனநோய் மருந்தும் கிராமத்திலேயே தடையின்றிக் கிடைத்தல் வேண்டும். மாவட்டத்தின் நோய்க் கணக்கை மாவட்டமே எடுத்தல் வேண்டும். கிழக்கிற் பயிலும் மருத்துவ மாணவர் தம் ஆய்வுப் பொருளைக் கொட்டியாரத்து வயல்களிலும் மீன்வாடிகளிலும் தேடுதல் வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. வகுப்பில் வலிப்பு வந்து விழும் பிள்ளையைப் பக்கவாட்டிற் படுக்கவைத்து, வாயிலும் கையிலும் எதனையும் திணிக்காது, அதன் தாயை வைத்தியசாலைக்கு வழிப்படுத்தலாம். அப்பிள்ளையைப் பாடசாலையை விட்டு நிறுத்தாதிருக்கலாம். 1847இற் பூட்டப்பட்ட கதவுகளின் சில திறப்புகள் இன்னும் நம் கைகளில் உள்ளன. அவற்றைப் பிள்ளையின் கையில் திணியாது, பூட்டைத் திறப்பதற்கே நாம் பயன்படுத்துதல் வேண்டும்.