வைட்ஃபீல்டின் வேவர்லி விடுதி: ஒரு செவிவழிச் செய்தியும் ஒரு குடியேற்றமும்

பெங்களூரு ஆஸ்டின் டவுனிலிருந்து கிழக்கே 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் வைட்ஃபீல்டு. கணினி நிறுவனங்களால் இன்று அறியப்படும் இவ்வூர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துச் சிற்றூரின் சாயலில் அமைக்கப்பட்ட குடியேற்றமாகும். நடுவே பசும்புல்வெளி, அதனைச் சூழ வட்டச் சாலைகள், ஓட்டுக்கூரை வீடுகள், தேவாலயம். வழிப்போக்கர் இரவு தங்க வேவர்லி விடுதி.

இளைஞரான வின்ஸ்டன் சர்ச்சில் இவ்விடுதியில் தங்கினார் என்றும், விடுதிக்காரரின் மகளை விரும்பினார் என்றும் ஊரார் கூறுவர். 1896இல் அவர் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருத் தண்டுக்கு வந்தது உண்மை. 1899ஆம் ஆண்டின் பெங்களூரு கிளப் ஏட்டில், வசூலிக்க இயலாத தொகையாக அவர் பெயரில் 13 ரூபாய் பதிவாகியிருப்பதும் உண்மை. வேவர்லிக் காதலோ செவிவழிச் செய்தியே.

அச்செய்தியின் நிழலில் மறைந்துபோவது குடியேற்றம் எழுந்த காரணம். யூரேசியர் எனப்பட்ட ஆங்கிலோ இந்தியரை உயர்பதவிகளில் அமர்த்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1791இல் தடை விதித்தது. பின்னாளில் தடை தளர்ந்த போதும், அரசுப் பணியை மட்டுமே நம்பிய வாழ்வு நிலையற்றதாகவே இருந்தது. நிலமும் உழவுமே மாற்றுவழி எனக் கருதினார் சென்னையின் டி. எஸ். ஒயிட். மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் 1880களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தை அச்சமூகத்தின் சங்கத்துக்கு வழங்கினார். ஒயிட்டின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. இதே வேட்கை 1933இல் இன்றைய ஜார்க்கண்டில் மெக்லஸ்கிகஞ்சாக மீண்டும் உருவெடுத்தது.

ஆகவே வைட்ஃபீல்டின் ஆங்கிலச் சாயலை வெறும் ஆடம்பரம் எனக் கொள்ளலாகாது. ஆள்வோர் தம்மவராக முழுமையாக ஏற்காத, நாட்டினரும் அயலாராகவே நோக்கிய ஒரு சமூகம், தனக்கென ஓர் ஊரைக் கட்டிக்கொள்ள மேற்கொண்ட முயற்சி அது. புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஒருவர் அங்கு ஓரிரவு தங்கினார் என்னும் கதை இன்றளவும் விரும்பிச் சொல்லப்படுவதன் பொருளையும் இங்கேயே தேடவேண்டும். மறுக்கப்பட்ட உறவுக்கு அக்கதை ஒரு சான்றிதழ் போல் அமைந்தது.

செவிவழிச் செய்தி மெய்யா பொய்யா என்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அது யாருக்கு, ஏன் தேவைப்பட்டது என்பதும் வரலாற்றுக் கேள்வியே. பழைய வீடுகள் இடிபட்டு அடுக்ககங்கள் எழும் இன்றைய வைட்ஃபீல்டில், திருமுழுக்கு, திருமண ஏடுகளையும் நிலப் பத்திரங்களையும் தேடிப் பயிலுதல் காலத்தின் தேவை. விருந்தினர் ஒருவரின் பெயரைப் போற்றும் ஊரில், ஏர் பிடிக்க வந்தவர்களின் பெயர்களும் நினைக்கப்பட வேண்டும்.