உஷாஹிடி

உஷாஹிடி என்பது பொதுமக்கள் அனுப்பும் தகவல்களைத் திரட்டி, இணைய வரைபடத்தில் இடவாரியாகக் காட்டும் திறந்தமூல மென்பொருள். இது 2008 ஜனவரியில் கென்யாவில் உருவானது.

தோற்றம்: 2007 டிசம்பர் 27 அன்று நடந்த கென்ய அதிபர் தேர்தலின் முடிவு சர்ச்சைக்குள்ளாகி, பல பகுதிகளில் வன்முறை மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். நேரடி ஒளிபரப்புக்கு அரசு தடை விதித்தது. வழக்கறிஞரும் வலைப்பதிவருமான ஓரி ஒகோல்லோ, வன்முறை நிகழ்ந்த இடங்களை வரைபடத்தில் பதியும் யோசனையை முன்வைத்தார். டேவிட் கோபியா, எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச் ஆகியோர் கைகொடுக்க, சில நாட்களிலேயே தளம் இயங்கத் தொடங்கியது.

செயல்முறை: தகவல்கள் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், இணையப் படிவம் வழியாக வருகின்றன. தன்னார்வலர்கள் அவற்றைச் சரிபார்த்து, வகைப்படுத்தி, உரிய இடத்தில் குறிக்கின்றனர். குறுஞ்செய்தி ஏற்கப்படுவதால், இணைய வசதி இல்லாத சாதாரணக் கைப்பேசி வைத்திருப்பவரும் தகவல் தரலாம்.

பயன்பாடு: 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, 4636 என்ற எண்ணுக்கு வந்த கிரியோல் மொழிச் செய்திகளைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தனர், அவற்றுள் பல உஷாஹிடி வரைபடத்தில் இடம்பெற்றன. அதே ஆண்டு எகிப்தில் தொடங்கிய ஹராஸ்மேப், பொதுவெளிப் பாலியல் சீண்டல்களைப் பதிவு செய்ய இதையே பயன்படுத்தியது. தேர்தல் கண்காணிப்புக்கும் இது பல நாடுகளில் உதவியுள்ளது.

வரம்புகள்: பொய்த் தகவல்களைக் களைவது கடினம். தகவல் தருபவரின் அடையாளம் வெளிப்பட்டால் அவருக்கு ஆபத்து நேரலாம். களத்தில் நடவடிக்கை எடுக்கும் அமைப்புகள் இணையாதபோது வரைபடம் ஆவணமாக மட்டுமே எஞ்சுகிறது.