இலங்கையில் மீள்புதுப்பிக்கத்தக்க வலு ஆராய்ச்சி

ஓடும் நீர், காற்று, சூரிய ஒளி, உயிர்த்திணிவு (விறகு, சாணம், பயிர்க்கழிவு முதலிய உயிர்ப்பொருள்கள்) ஆகியவற்றிலிருந்து மின்சாரமும் வெப்பமும் பெறும் வழிகளைப் பற்றி இலங்கையில் நடைபெற்ற, நடைபெற்றுவரும் அறிவியல், பொறியியல் ஆய்வுகள் இத்தலைப்பில் அடங்கும். பெரிய அணைகளை மீள்புதுப்பிக்கத்தக்க வலுவில் சேர்ப்பதா என்பதில் கருத்து வேற்றுமை உண்டெனினும், இலங்கையில் இத்துறை ஆறுகளிலிருந்தே தொடங்கியதால் அவையும் இங்கு சேர்த்துக்கொள்ளப்படுகின்றன. ஆய்வுகள் பேராதனை, ஹந்தானை, மொறட்டுவை, ஏக்கலை, யாழ்ப்பாணம் எனப் பல இடங்களில் நடக்க, அவற்றின் பயனை நாட்டின் மின்வலையமைப்பில் ஏற்பதா என்ற முடிவு நெடுங்காலமாகக் கொழும்பு 2, கொம்பனித்தெருவில் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள இலங்கை மின்சார சபையின் தலைமையகத்தைச் சார்ந்தே இருந்துவந்துள்ளது. ஓர் ஆய்வு முடிவு மின்கம்பியை எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடிப்பது இங்கு வழக்கமாகிவிட்டது.

கொழும்பின் தொடக்ககால மின்விளக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டைப் பகுதியின் பிரிஸ்டல் விடுதியில் ஏற்றப்பட்டன. 1902 இல் தனியார் டிராம் கம்பனி ஒன்று புறக்கோட்டை காஸ் வேர்க்ஸ் வீதியில் மின்நிலையம் அமைத்தது. 1929 இல் கொலன்னாவையில் ஸ்டான்லி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. எரிபொருள் முழுவதும் கப்பலில் வந்திறங்க வேண்டியிருந்த ஒரு தீவில், மலைநாட்டு ஆறுகள் வீணே கடலுக்கு ஓடிக்கொண்டிருப்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் அரச பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர (1874-1953) ஆவார். நுவரெலியா நகருக்கு மின்சாரம் வழங்க 1912 இல் பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்த அவர், 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் படித்த கட்டுரையில், மஸ்கெலியா ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் செங்குத்தாக வீழும் அபர்டீன், லக்சபான பகுதிகளைப் பயன்படுத்தினால் நாட்டின் தேவைக்குப் போதிய மின்சாரம் பெறலாம் என்று நிறுவினார். இலங்கையின் வலு ஆராய்ச்சிக்குத் தொடக்கம் இக்கட்டுரையே. குடியேற்ற அரசு 1920களில் லக்சபானவில் வேலையைத் தொடங்கிப் பின் பணமின்மையைக் காட்டி நிறுத்தியது. விமலசுரேந்திர 1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் இத்திட்டத்துக்காக வாதாடினார். 25 மெகாவாற்று வலுவுடைய முதலாவது லக்சபான நிலையம் 1950 இல்தான் இயங்கியது. கட்டுரைக்கும் மின்சாரத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் கடந்திருந்தன. நோர்ட்டன் பிரிட்ஜில் பின்னர் எழுந்த நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அரசு தயங்கிய அக்காலத்திலேயே தேயிலைத் தோட்டங்கள் ஓடைகளை மறித்துச் சிறு சுழலிகளை நிறுவித் தொழிற்சாலைப் பொறிகளை ஓட்டிவந்தன. அம்மின்சாரம் கொழுந்து வாட்டவும் அரைக்கவும் பயன்பட்டதேயன்றி, அருகிலிருந்த லயங்களுக்குப் பெரும்பாலும் எட்டவில்லை என்பதை வரலாற்று நூல்கள் அதிகம் சொல்வதில்லை. தேசிய மின்வலையமைப்பு மலைநாட்டுக்குள் பரவியதும் கைவிடப்பட்ட இச்சுழலிகளைப் பிற்காலப் பொறியியலாளர்கள் ஆராய்ந்து புதுப்பித்தனர். அவ்வழியில் 1996 இல் டிக் ஓயாவில் ஒரு மெகாவாற்றுக்குச் சற்றுக் குறைந்த வலுவுடன் தனியார் சிறு நீர்மின் நிலையமொன்று வலையமைப்புடன் இணைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பல எழுந்தன.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் ஆய்வை நீரைத் தாண்டிச் செல்லத் தூண்டியது. 1974 இல் நிறுவப்பட்டு ஏக்கலையில் இயங்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோல் போன்ற உலர்ந்த கழிவுகளை ஒரே தடவையில் இட்டு நிரப்பிச் சமையல் வாயு பெறும் உயிர்வாயுக் கலனை உருவாக்கியது. நெதர்லாந்தின் உதவியுடன் காற்றாலை நீரிறைப்பிகள் வடிவமைக்கப்பட்டன. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் துணையுடன் அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பட்டியபொலவில் சூரிய ஒளி, காற்று, உயிர்வாயு மூன்றையும் ஒரே கிராமத்தில் இணைத்துப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) மரத்தை வெட்டி எரித்து மின்சாரம் பெறும் ஆய்வுகளின் விளைவாக, 2005 இல் அது தேயிலை, இறப்பர், தென்னையை அடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்கப்பட்டது. எனினும் அம்மரத்தால் கிடைக்கும் மின்சாரம் இன்றும் சொற்பமே.

உலக அறிவியலில் இலங்கையின் பெயர் பதிந்தது சூரியக்கலத்திலாகும். சிலிக்கன் கலத்தில் ஒளியை உறிஞ்சுவதும் மின்னைக் கடத்துவதும் ஒரே பொருள்தான். சாயமூட்டிய கலத்தில் இவ்வேலைகள் பங்கிடப்படுகின்றன: சாய மூலக்கூறு ஒளியை உறிஞ்சி ஓர் இலத்திரனை வெளியேற்ற, நுண்துளை நிறைந்த தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலம் அதை ஏற்று வெளிச்சுற்றுக்கு அனுப்புகிறது; இலத்திரனை இழந்த சாயத்துக்கு அயடைட்டு கொண்ட மின்பகு திரவம் மீண்டும் இலத்திரனைக் கொடுக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஓரீகனும் கிரெட்செலும் 1991 இல் இவ்வகையில் ஏறத்தாழ 7 வீதத் திறன் பெற்றபோது உலகம் வியந்தது. ஆயினும் திரவம் கசியும், ஆவியாகும் என்பது இக்கலத்தின் பெருங்குறையாக நின்றது.

கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் (1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது) பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் இக்குறையைத் தீர்க்க முனைந்தனர். செப்புச் சேர்வைகளில் சாயமேற்றி 1980களிலேயே பரிசோதித்துவந்த அவர்கள், 1995 இல் திரவத்தை அகற்றி, அவ்விடத்தில் செப்பு அயடைட்டு என்னும் திண்மக் குறைகடத்தியை வைத்து முழுத்திண்மக் கலம் ஒன்றை வெளியிட்டனர். பூக்களுக்குச் செந்நிறமூட்டும் சயனிடின் என்னும் தாவர நிறப்பொருளே அதில் சாயமாயிற்று. செப்பு அயடைட்டின் பளிங்குகள் வளர்ந்து பருத்துத் துளைகளுக்குள் ஒட்டாமற் போனது அடுத்த சிக்கல். பளிங்கு வளர்ச்சியைத் தடுக்கும் தயோசயனேற்று உப்பைச் சிறிதளவு சேர்த்து அதையும் யப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து பெரிதும் தணித்தனர். 1999 இல் தைத்தேனியத்தையே விட்டு, வெள்ளீய ஒட்சைட்டையும் நாக ஒட்சைட்டையும் கலந்து திறன்மிக்க கலம் செய்தனர். திரவத்துக்குப் பதிலாகத் திண்மத்தை வைக்கும் இதே வழியில் வந்தவையே 2012 முதல் பேசப்படும் திண்மப் பெரோவ்ஸ்கைற்றுக் கலங்கள். தைத்தேனியத்தின் மூலமான கனிய மணல் புல்மோட்டைக் கரையில் குவிந்துகிடந்தும், இக்கலம் எதுவும் இலங்கையில் தொழிற்சாலைப் பண்டமாகவில்லை. பிற்காலத்தில் இந்நிறுவகத்தில் எம். ஏ. கே. எல். திசாநாயக்க பல்பகுதிய மின்பகுபொருள்களை ஆராய்ந்தார். இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஐ. எம். தர்மதாச மின்முலாமிடும் முறையால் கட்மியம் தெலூரைட்டுக் கலங்களை உருவாக்கிவந்தார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பங்கும் குறிப்பிடத்தக்கது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பயின்ற பௌதிகவியற் பேராசிரியர் பு. ரவிராஜன், பல்பகுதியத்தையும் உலோக ஒட்சைட்டையும் இணைக்கும் கலப்பினக் கலங்களை ஆராய்ந்து, அவ்வாய்வைப் பௌதிகவியற் துறையில் வேரூன்றச் செய்தார். நோர்வேயின் பேர்கனிலிருந்து பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளை வழியாகக் கிடைத்த ஒத்துழைப்பால் மாணவர் பரிமாற்றமும் தூயவலு ஆய்வுகூட வசதிகளும் பெருகின.

காற்றின் வரைபடம் பிந்தியே வந்தது. அம்பாந்தோட்டையில் மின்சார சபை 1999 இல் ஐந்து சுழலிகளுடன் 3 மெகாவாற்று முன்னோடி நிலையத்தை அமைத்திருந்தது. 2003 இல் அமெரிக்காவின் தேசிய மீள்புதுப்பிக்கத்தக்க வலு ஆய்வகம் இலங்கைக்கும் மாலைதீவுக்குமான காற்று வள ஏட்டை வெளியிட்டபின்னரே மன்னார், புத்தளம் கரைகளின் பெறுமதி கணக்குடன் தெரிந்தது. 2007 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபை உருவானது. மன்னாரின் தென்கரையில் 30 சுழலிகளைக் கொண்ட தம்பபவனி நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. வலசைப் பறவைகளின் பாதையிலும் மீனவர் நிலத்திலும் மேலும் சுழலிகள் எழுவதற்கு மன்னார் மக்கள் தெரிவிக்கும் எதிர்ப்பு ஆய்வறிக்கைகளில் ஓரிரு பந்திகளாகவே சுருங்கிவிடுகிறது. அது நியாயமான எதிர்ப்பே.

2030 இல் மின்சாரத்தில் 70 வீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுவது அரசின் இலக்கு. கூரைச் சூரியத்தகடுகள் 2016 முதல் விரைந்து பெருகின. கேள்வி குறைந்த 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் அவற்றைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி இரவில் மின்சாரமாக மீட்கும் 600 மெகாவாற்று மகா ஓயாத் திட்டம் அப்போது திட்ட நிலையிலேயே இருந்தது.