நோம்பி சாட்டுவது யார்?

பண்டிகைக்கும் திருவிழாவுக்கும் கொங்கு நாட்டு ஜனங்கள் பொதுவாக வழங்கும் சொல் நோம்பி. நோன்பு என்ற பழஞ்சொல்லின் மரூஉவாகிய அதைத் தீபாவளி நோம்பி, ஆடி நோம்பி, மாரியம்மன் நோம்பி என்று அடையோடு சேர்த்துச் சொல்வது இந்தப் பக்கத்தின் வழக்கம். கோயில் நோம்பி தானாக வந்துவிடுவதில்லை. அதைச் சாட்ட, அதாவது ஊரறிய அறிவிக்க வேண்டும். மழை எப்படி, வெள்ளாமை வீடு வந்து சேர்ந்ததா, ஊருக்குள் துக்கம் ஏதும் நேர்ந்திருக்கிறதா என்றெல்லாம் பெரியவர்கள் கூடி யோசித்து, நாள் குறித்து, பூச்சாட்டி, கம்பம் நட்ட பிறகுதான் அந்த நாள் சாதாரண நாள் என்ற நிலையிலிருந்து விலகி நோம்பியாகிறது. அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் சமமான குரல் இருந்ததென்று சொன்னால் அது சத்தியத்துக்கு மாறானதாகும். காட்டிலும் தோட்டத்திலும் உழைத்த பண்ணையாட்கள் ஒதுங்கி நின்று முடிவைக் கேட்டுக்கொண்டவர்களே. ஆயினும் நோம்பி என்பது யாரோ ஒருவர் கொடுக்கும் தானம் அன்று, கூடிப் பேசிச் சாட்ட வேண்டிய ஒன்று என்ற எண்ணம் இந்த மண்ணில் ஆழமாக வேரூன்றியிருந்தது. வயற்காட்டை விட்டு ஆலைக்குப் போன தலைமுறை அந்த எண்ணத்தையும் தன்னோடு எடுத்துச் சென்றது என்பதே கோயம்புத்தூர்த் தொழிற்சாலைக் கொண்டாட்டங்களின் சரித்திரத்தை அறிவதற்குத் திறவுகோல்.

அந்தச் சரித்திரம் 1888இல், ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் முன்னின்று நிறுவிய கோயமுத்தூர் நூற்பு நெசவாலையில், அதாவது ஜனங்கள் ஸ்டேன்ஸ் மில் என்று அழைத்த பஞ்சாலையில் தொடங்குகிறது. அதுவரை சூரியனைப் பார்த்துக் காட்டுக்குப் போய், சூரியனைப் பார்த்து வீடு திரும்பிய குடியானவனுக்கு, மில் சங்கு ஒரு புதிய எஜமானனாக வந்து வாய்த்தது. சங்கு ஊதினால் போக வேண்டும், சங்கு ஊதினால் வர வேண்டும், இடையிலுள்ள பொழுது முழுவதும் கூலிக்கு விற்கப்பட்ட பொழுது என்ற நியதி, உழவின் ஊடே பாட்டும் பேச்சும் கலந்து வாழ்ந்த மனிதர்களுக்கு எவ்வளவு விசித்திரமாகப் பட்டிருக்கும் என்பதை இன்று நாம் ஊகித்தே அறிய வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதுகூட அக்காலத்து ஆலைகளில் எல்லோர்க்கும் உரியதாக இருக்கவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் பல்லாண்டுகள் பிரயாசைப்பட்டுப் போராடிய பின்பு, 1890இல்தான் அந்நகரத்து ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வைப் பொது விதியாக்கியது. 1911இல் வந்த சட்டமோ, பஞ்சாலையில் வயது வந்த ஆண்மகன் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்று வரம்பு கட்டியதையே பெரிய சலுகையாகக் கருதியது. இத்தகைய காலத்தில், வேலை செய்யும் இடத்திலேயே ஒரு நாள் வேலையை மறந்து கூடியிருப்பதென்பது எத்தனை அபூர்வமான சுகமாக இருந்திருக்க வேண்டும்!

அந்தச் சுகத்தைக் கொடுத்த நாள் ஆயுத பூஜை. ஏரும் மண்வெட்டியும் கழுவிப் பொட்டிட்டு வணங்கிய கைகளுக்கு, கார்டிங் யந்திரத்தையும் ரிங் பிரேமையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பது இயல்பாகவே கைவந்தது. பூஜைக்கு முந்திய நாட்களிலேயே பஞ்சுத் தூசி படிந்த மூலை முடுக்குகளெல்லாம் பெருக்கப்படும். வாசலில் வாழை மரம் எழும். மாவிலைத் தோரணமும் வண்ணக் காகிதமும் உத்தரங்களில் தொங்கும். பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் பொரியும் கடலையும் பழமும் பொட்டலங்களாகக் கைக்குக் கை மாறும். மற்ற நாளெல்லாம் யந்திரத்தின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாத அந்த மண்டபத்தில் அன்று மனிதக் குரல்கள் கேட்கும். அப்பன் எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று அறியாத குழந்தைகள் அன்றுதான் உள்ளே வந்து, இதுதான் உன் அப்பன் நிற்கும் இடம் என்று தாய் காட்ட, விழி விரியப் பார்க்கும். ஓய்வு, மரியாதை, குடும்பத்தாரின் பிரவேசம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கொடுத்ததனாலேயே, எத்தனையோ மாறுதல்களுக்கு நடுவிலும் ஆயுத பூஜை கோவைத் தொழிலகங்களில் நிலைத்து நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் அது நிர்வாகம் சாட்டிய நோம்பி. பொட்டலம் கொடுப்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் மறு பக்கமுமாக நிற்கும் நோம்பி. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்ததும், பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் பாப்பநாயக்கன்பாளையத்திலும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஒரு சங்கு ஊதிய ஊரில் பல சங்குகள் ஊதலாயின. ஆயிரக்கணக்கானோர் ஒரே தொழிலில் கூடிய பின், கேட்பதற்கும் அவர்களுக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரலாக விளங்கி, 1943இல் இளம் வயதிலேயே மறைந்த என். ஜி. ராமசாமியின் பெயர் இன்றும் கோவைத் தொழிலாளர் குடும்பங்களில் பக்தியோடு நினைக்கப்படுகிறது. அக்காலப் போராட்டங்களின் உச்சத்தில், 1946 ஜனவரி 8ஆம் நாள், சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்கள் நினைவிடத்தில் கூடி அஞ்சலி செலுத்துவது வழக்கமாயிற்று. எந்த நிர்வாகமும் அழைக்காமல், எந்தப் பொட்டலமும் கிடைக்காமல், தொழிலாளர் தாமாகவே சாட்டிக்கொண்ட நாள் அது. கொண்டாட்டம் மட்டுமன்றித் துக்கமும் மனிதர்களை ஒன்றுகூட்டும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டங்கள், தொழிலாளர் வாய்விட்டுக் கேட்டவற்றையும் மனத்துக்குள் விரும்பியவற்றையும் எழுத்தில் வடித்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. 250 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் அமைக்க வழி செய்தது. 500 பேர் இருந்தால் நல அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொன்னது. சேர்ந்து உண்பது என்ற செயல் இவ்வாறு கருணையிலிருந்து கடமைக்கு மாறியது. 1958இல் சென்னை மாநிலம் இயற்றிய தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. இன்றைய நிலையில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு பண்டிகைகளுக்கென ஐந்து நாட்களையும் அது சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக்குகிறது. அந்த ஐந்து நாட்கள் எவை என்பதை நிர்வாகத்தாரோடும் தொழிலாளரோடும் கலந்தாலோசித்தே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. நோம்பி சாட்டும் கூட்டத்தில் ஓரமாக நின்றவனுக்கு நடுவில் உட்கார ஓர் இடம் கிடைத்தது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

போனசின் கதையும் இதுவே. தீபாவளிக்கு முன் முதலாளி மனமுவந்து கொடுக்கும் இனாமாக ஒரு காலத்தில் எண்ணப்பட்டது, 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமையாயிற்று. இன்று குறைந்தபட்சமாக விதிக்கப்பட்டிருக்கும் 8.33 சதவீதம் என்ற எண் பார்வைக்கு வினோதமாகத் தோன்றினாலும் அதன் பொருள் எளியது: ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். உச்ச வரம்பு இருபது சதவீதம். பேச்சுவார்த்தை முடிந்து எத்தனை சதவீதம் என்ற சேதி ஆலை வாசலைத் தாண்டி வெளிவரும் நாளில், ஜவுளிக் கடைக்காரர் முதல் பலகாரக் கடைக்காரர் வரை ஊர் முழுவதும் காது கொடுத்துக் காத்திருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிந்திய இந்தக் காலத்தில்தான் மில்களில் மனமகிழ் மன்றங்கள் தழைத்தன. கேரம் பலகை, வாசகசாலை, கைப்பந்துத் திடல், ஆண்டு விழா, அவ்விழாவில் தொழிலாளரே வேஷமிட்டு நடிக்கும் நாடகம் என்று பல வகையில் அவை விரிந்தன. 1914லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் அரங்கத்தை எழுப்பிய நகரம், 1935இல் சென்ட்ரல் ஸ்டூடியோ பிறந்த நகரம் கோவை. அந்நகரத்து மில்காரருக்கு மேடை ஆசை இருந்ததில் வியப்பென்ன? பகல் முழுவதும் சிம்ப்ளெக்ஸ் யந்திரத்தருகே நின்றவர் இரவில் ராஜபார்ட்டாக நிற்கும்போது, மேஸ்திரியும் கீழ் வரிசையில் அமர்ந்து கை தட்டுவார். எனினும் அந்த மன்றங்கள் பெரும்பாலும் ஆண்களின் மன்றங்களே. ரீலிங்கிலும் வைண்டிங்கிலும் வேலை செய்த பெண்களுக்கு, சங்கு ஊதியதும் வீட்டில் அடுப்பு காத்திருந்தது. பிற்காலத்தில் தென் மாவட்டங்களிலிருந்து வந்து நூற்பாலை விடுதிகளில் தங்கிய இளம் பெண்களுக்கோ, வேலை செய்யும் இடமும் உறங்கும் இடமும் ஒரே மதிலுக்குள் அடங்கிவிட்டன; வெளியே போய் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைவிட மேலான விழா எதையும் அவர்கள் விரும்பியிருக்க நியாயமில்லை.

பின்பு சங்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நலிந்த ஆலைகளை அரசு 1974இல் தேசியமயமாக்கியபோது ஸ்டேன்ஸ் மில்லும் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு வந்தது. அக்கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காலத்து ஊரடங்கில் நிறுத்தப்பட்டு, பின்பு பழைய ஓட்டத்துக்குத் திரும்பவில்லை. இதற்கிடையில் வார்ப்படப் பட்டறைகளிலும் பம்புத் தொழிலகங்களிலும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் தொழிலாளரின் முகமே மாறிப்போயிற்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள், செப்டம்பர் மாதத்தில் விசுவகர்ம பூஜையைத் தங்கள் நோம்பியாகக் கருதுகிறார்கள். அடுத்த சில வாரங்களில் அதே பட்டறையில் நமது ஆயுத பூஜை வருகிறது. கருவியை வணங்கும் ஒரே பாவம் இரண்டு நாட்களில் இரண்டு மொழிகளில் வெளிப்படுவதைக் கண்டு, இரண்டுக்கும் இடம் கொடுக்கும் பட்டறை உரிமையாளரே தம் ஆட்களின் மனத்தை அறிந்தவர் ஆவார்.

2010இல் பீளமேட்டில் டைடல் பார்க் திறக்கப்பட்டதும், சரவணம்பட்டியும் கீரணத்தமும் கணினி அலுவலகங்களால் நிறைந்ததும் வேறொரு தலைமுறையைக் கொண்டுவந்தன. அவர்களுக்கு டீம் லஞ்ச் உண்டு, டீம் அவுட்டிங் உண்டு, ஓணத்துக்குப் பூக்கோலமும் பொங்கலுக்கு வேட்டி சேலையும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பக்கம் இருக்கும் ஊரில் ஓணம் அலுவலகத்துக்குள் நுழைந்தது இயற்கையே. தொடக்கத்தில் இவர்கள் இரவு நேர விருந்தையும் வால்பாறை, ஊட்டி என்ற இரண்டு நாள் பிரயாணத்தையும் புதுமையாக வரவேற்றார்கள். வயதும் பொறுப்பும் ஏற ஏற விருப்பம் திரும்புகிறது. விருந்து இருக்கட்டும், அது மத்தியானத்தில் வேலை நேரத்திலேயே இருக்கட்டும். வர இயலாதவரை ஏன் வரவில்லை என்று கேளாதிருக்கட்டும். சைவம் உண்பவருக்கும் மது அருந்தாதவருக்கும் கூச்சமில்லாத இடமாக இருக்கட்டும். சனி ஞாயிறு எங்கள் வீட்டுக்கு இருக்கட்டும் என்பதே அவர்கள் பேச்சில் இப்போது அடிக்கடி கேட்கும் வேண்டுகோள். இதில் பெண்களின் குரல் முன்னே ஒலிப்பது கவனிக்கத்தக்கது. மனமகிழ் மன்றத்துக்கு வர முடியாமல் அடுப்புக்கு ஓடிய ரீலிங் பெண்ணின் பேத்தி, அன்று பாட்டி சொல்லாததை இன்று சொல்லுகிறாள்.

இதைக் கேட்டு, இளைஞர்களுக்குக் கூடி வாழும் குணம் குறைந்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் மாதக்கணக்கில் வீட்டிலிருந்தே வேலை செய்தவர்கள், முதன்முறை அலுவலகத்தில் ஒரே மேஜையில் அமர்ந்து சாப்பிட்டபோது அடைந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். அவர்கள் வேண்டாமென்பது கூடுவதை அன்று. தங்களைக் கேளாமல் தங்கள் பொழுதை எடுத்துக்கொள்வதை. பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் கேட்டதும், ஐந்து பண்டிகை நாட்களைத் தெரிந்தெடுக்கும் பேச்சில் இடம் கேட்டவர் கேட்டதும் இதுவேயன்றோ? 2025இன் தொடக்கத்தில் கோவை டாட் கோ என்ற மென்பொருள் நிறுவனம், தன்னிடம் மூன்றாண்டுகள் நிலைத்திருந்த சுமார் 140 ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய்க்கு மேல் பகிர்ந்தளித்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அதைச் செலவழிக்கும் விதத்தைப் பெறுகிறவருடைய இஷ்டத்துக்கே விட்டுவிடும் இத்தகைய வெகுமதியில், விருந்தில் இல்லாத ஒரு மரியாதை இருக்கிறது.

ஆகையால் விழா நடத்த விரும்பும் ஸ்தாபனங்களுக்குக் கொங்கு நாட்டுக் கிராமமே வழிகாட்டி. முதலில் கூட்டம் கூடட்டும், கிராமம் ஓரத்தில் நிறுத்தி வைத்தவர்களையும் நடுவில் உட்கார வைத்துக் கேட்கட்டும், அதன்பின் பூச்சாட்டட்டும். அப்படிச் சாட்டிய நோம்பிக்கு யாரையும் வற்புறுத்தி அழைக்க வேண்டியிராது. சரவணம்பட்டி அலுவலகங்களில் ஆயுத பூஜையன்று கணினித் திரையின் ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்து, பொரி கடலையைப் பகிர்ந்து, வீட்டிலிருந்து பிள்ளைகளை அழைத்து வரும் வழக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் அப்பன் நிற்கும் ரிங் பிரேமைத் தாய் காட்டினாள். இப்போது தாயே தன் நாற்காலியைச் சுட்டி, இதுதான் அம்மா உட்காரும் இடம் என்று சொல்ல, பிள்ளை அதில் ஏறி உட்கார்ந்து, ஒரு கைப்பிடிப் பொரியை வாயில் போட்டுக்கொள்கிறது.