பேசும் நூல்களும் பூட்டிய கோப்பும்

பத்திரிகைத் தொழிலில் அச்சுப்படி திருத்தியே என் கண்கள் களைத்துவிட்டன. இப்போது பெரும்பாலும் காதால்தான் வாசிக்கிறேன். அண்மையில், முன்னர் விலை கொடுத்து வாங்கிய ஓர் ஒலிநூலைப் புதிய கருவிக்கு மாற்ற முயன்றேன். கோப்பு இருந்தது, ஆனால் திறக்கவில்லை. விற்றவர்கள் அனுமதித்த கருவியில் மட்டுமே பேசும்படி அதைப் பூட்டியிருந்தார்கள். அந்தக் கருவியோ எப்போதோ பழுதாகிவிட்டது.

ஒலிநூல் யாருக்காகப் பிறந்தது என்பதை இந்த ஏமாற்றம் நினைவூட்டியது.

1877இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கிய எடிசன், மறு ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது பார்வையற்றோருக்கான பேசும் நூல்களையும் அதில் சேர்த்தார். ஆனால், அவரது உருளையில் சில நிமிடங்களே அடங்கின. பின்வந்த 78 சுற்று இசைத்தட்டிலும் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடங்கள்தான்.

முதலாம் உலகப் போர் பலரது பார்வையைப் பறித்தது. 1916இல் சொம் போர்க்களத்தில் பார்வையிழந்த இயன் பிரேசர் போன்றோரின் முயற்சியால், 1935இல் பிரித்தானியாவில் பேசும் நூலகம் தொடங்கியது. பாட்டுக்கு வேண்டிய ஒலிநயம் பேச்சுக்கு வேண்டியதில்லை என்பதே அதன் சூட்சுமம். தட்டின் வேகத்தை 24 சுற்றுகளாகக் குறைத்து, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடங்களை அடக்கினார்கள். முதலில் வந்தவற்றுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் ஒன்று.

1963இல் பிலிப்ஸ் ஒலிநாடாவும் 1979இல் சோனியின் வோக்மனும் நூலைச் சட்டைப்பைக்கு அருகே கொண்டுவந்தன. 1995இல் பெயர் சூட்டப்பட்ட எம்பி3 கோப்பும் அந்தப் பழைய சூட்சுமத்தையே பின்பற்றியது எனலாம். இறுவட்டுத் தரத்தில் ஒரு மணிநேர ஒலிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் வேண்டும். அதையே ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 64 கிலோபிட் அளவில் மாற்றினால் 29 மெகாபைட் போதும். வாசிப்பவரின் குரல் தெளிவாகவே கேட்கும். ஆயினும், சுருக்கும்போது கழித்த ஒலி மீண்டும் வராது. ஆகவே, மூலப்பதிவை அழிக்காமல் வைத்திருப்பது நன்று.

எம்பி3இன் காப்புரிமைகள் 2017 அளவில் காலாவதியாகின. 2013இல் உருவான மராகேஷ் ஒப்பந்தம், பார்வையற்றோருக்காக நூல்களை உரிமையாளரின் அனுமதியின்றியே ஏற்ற வடிவத்துக்கு மாற்ற வழிவகுத்தது. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. எனினும், வணிக ஒலிநூல்கள் பல இன்னமும் பூட்டுடனேயே விற்கப்படுகின்றன.

எண்பதுகளில் நான் பதிந்த ஒலிநாடா ஒன்றைச் சென்ற மாதம் கணினிக்கு மாற்றினேன். முழுதாக ஓடி முடிய ஒன்றரை மணிநேரம் பிடித்தது. சற்று இரைச்சல் உண்டு, ஆனாலும் பேசுகிறது. காசு கொடுத்து வாங்கிய நூலோ ஊமையாகக் கிடக்கிறது. ஒலிநூல் வாங்குமுன் அதன் விலையுடன் வடிவத்தையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.